செங்கல்பட்டு வரைக்கும்

பெண்கள் விடுதி, ராமநாதபுரம்
12.8.2000

அன்புள்ள அம்மாவுக்கு,

கீர்த்தனா எழுதுகிறேன். விடுதி சாம்பாரைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் முட்டிவலி குறைந்ததா? அப்பாவுக்கு இருமல் நின்றதா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆயுத பூஜை லீவுக்கு நீயும் அப்பாவும் இங்கே வருகிறீர்கள். நாம் மூன்று பேரும் கடலோரத்தில் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறோம். சிரிக்காதே, உண்மையாகத்தான் சொல்கிறேன். நான் ஆராய்ச்சிக்குப் போகும் தீவு தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. தீவில் ராத்திரி தங்க விடமாட்டார்கள். ஆனால் அதற்கு எதிரே கரையில், வனத்துறை ஷெட் பக்கத்தில் தங்கலாம். பேராசிரியர் அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டார். கூடாரம் எங்கள் துறையிலேயே இருக்கிறது. தார்ரோடு முடிந்த பிறகு நாலு கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டும். கரண்ட் கிடையாது, கடை கிடையாது. பகலில் படகில் தீவுக்குப் போய் வருவோம்.

கல்லூரியில் சேரும்போது "புல்லைப் படிக்கவா அவ்ளோ தூரம் போற?" என்று கேட்டாயே, அந்தப் புல்லை உனக்குக் காட்ட வேண்டும். கடல்தாழை என்று பெயர். தண்ணீருக்கு அடியில் வயல் மாதிரி அசைந்துகொண்டிருக்கும். அதை மேயக் கடல்பசு வரும். இங்குள்ளவர்கள் ஆவுளியா என்கிறார்கள். ஏப்ரலில் என் படிப்பு முடிந்துவிடும். அப்புறம் இந்தப் பக்கம் எப்போது வருவேனோ தெரியாது.

உடனே பதில் போடு.

அன்புடன்,
கீர்த்தனா


அணுபுரம்
27.8.2000

ஆசை மகள் கீர்த்தனாவுக்கு,

அம்மா எழுதும் கடிதம். நாங்கள் சுகமாகவே இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள். அப்பாவின் இருமல் நின்றுவிட்டது. முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது.

உன் கடிதத்தை அப்பா இரண்டு தடவை சத்தமாகப் படித்தார். அப்போதே அட்லஸை எடுத்துவைத்துக்கொண்டார். எனக்குச் சில விஷயங்கள் தெரிய வேண்டும். ரயில் எத்தனை மணி நேரம்? நடுவில் எங்கெங்கே நிற்கும்? மணலில் நடக்கும்போது பாதியில் திரும்ப வேண்டும் என்றால் திரும்பலாமா? படகுக்காரன் கேட்டவுடன் கரைக்கு விடுவானா? கூடாரத்துக்குள் காற்று வருமா? உள்ளேயிருந்து சட்டென்று வெளியே வர முடியுமா? பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

சுப்பிரமணி மாமாவின் மகனுக்குத் திருக்கழுக்குன்றத்தில் நிச்சயதார்த்தம் நடந்தது. அப்பா மட்டும் போய் வந்தார். எனக்கு இந்த முட்டி. கீழ்வீட்டுப் பார்வதம் நல்ல முருங்கைக்காய் வாங்கிவந்து கொடுத்தாள். நீ இருந்திருந்தால் ஒரே வேளையில் காலியாகியிருக்கும்.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் அம்மா


ராமநாதபுரம்
9.9.2000

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம்தானே? எனக்கு வெயிலில் மூக்கு உரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

உன் கேள்விகளைப் படித்து அறையில் எல்லோரும் சிரித்தோம். திருடன்கூட இவ்வளவு வழி விசாரிக்க மாட்டானாம். கூடாரத்தின் வாசல் ஜிப் வைத்தது. ஒரே இழுப்பில் வெளியே வந்துவிடலாம். ஆஸ்பத்திரி முப்பது கிலோமீட்டர். உனக்கு எதற்கு ஆஸ்பத்திரி?

அனுமதி விண்ணப்பத்துக்கு நீங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். ஆளுக்கு இரண்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் வேண்டும். ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்கட்டும். புதுப்பட்டினம் ஸ்டுடியோவில் ஒரு மணி நேரத்தில் கொடுத்துவிடுவார்கள். அடுத்த வாரத்துக்குள் வந்தாக வேண்டும்.

கேட் பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசேன். உன் குரலைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று!

உன்
கீர்த்தனா


அணுபுரம்
22.9.2000

அன்பு மகளுக்கு,

இங்கே யாவரும் நலம். உன் மூக்குக்குத் தேங்காய் எண்ணெய் தடவு.

அப்பாவின் புது போட்டோக்களை வைத்திருக்கிறேன். என்னுடையது நீ பத்தாவது படிக்கும்போது எடுத்தது. முகம் ஒன்றும் மாறிவிடவில்லை. இது போதாதா? போதாவிட்டாலும் பரவாயில்லை. ஆயுத பூஜை சமயத்தில் அப்பாவுக்கு லீவு இல்லையாம். ஆபீசில் ஏதோ அவசர வேலை. அவரும் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். ஆகையால் இந்த முறை முடியாது கண்ணு. மனசில் வைத்துக்கொள்ளாதே. நீ தீபாவளிக்கு வா. உனக்குப் பிடித்ததெல்லாம் செய்து வைக்கிறேன்.

போனில் பேசினால் எனக்கு அழுகை வந்துவிடும். கடிதமே நல்லது.

இப்படிக்கு,
அம்மா


ராமநாதபுரம்
3.11.2000

அம்மாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கொடுத்த அதிரசம் ஒரே நாளில் காலி.

இதை நேரில் கேட்கத் துணிவில்லாமல் எழுதுகிறேன். தீபாவளியன்று உன் முட்டிக்கட்டு வலது காலில் இருந்தது. மறுநாள் இடது காலில் இருந்தது. அப்பாவிடம் லீவு பற்றிக் கேட்டேன். "அது கெடக்குது நூறு நாளுக்கு மேல" என்றார். உடனே உன்னைப் பார்த்தார். நீ அடுப்பைப் பார்த்தாய்.

எதற்கு அம்மா இந்தப் பொய்? நான் இந்தப் படிப்புக்கு வந்தது உனக்குப் பிடிக்கவில்லை. அது எனக்குத் தெரியும். கம்ப்யூட்டர் படித்திருந்தால் சென்னைப் பக்கம் வேலை, பக்கத்திலேயே இருந்திருப்பேன் என்று பார்வதம் அத்தையிடம் சொன்னாயாம். ஆனால் இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட நான் இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று உனக்குத் தோன்றவில்லையா? பெற்றவர்கள் வந்து பார்க்காத ஒரே பெண் இந்த விடுதியில் நான்தான்.

வர விருப்பம் இல்லையென்றால் இல்லை என்று எழுது. நான் கேட்பதை நிறுத்திவிடுகிறேன்.

கீர்த்தனா


ராமநாதபுரம்
10.12.2000

அன்புள்ள அம்மாவுக்கு,

ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பார்வதம் அத்தை வீட்டுக்குப் போன் செய்தேன். "நல்லாத்தான் கீது உங்கம்மா" என்றார்.

கோபத்தில் எழுதிவிட்டேன். ஒரு கார்டாவது போடு அம்மா.

உன்
கீர்த்தனா


அணுபுரம்
19.12.2000

அன்பு மகள் கீர்த்தனாவுக்கு,

அப்பாவின் ஆசிகள். நாங்கள் நலம் என்றுதான் எழுத வேண்டும். பாதி உண்மை.

நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. உன் நவம்பர் மாதக் கடிதத்தை அவள் தலையணைக்கடியில் வைத்திருக்கிறாள். மூன்று தடவை பதில் எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டாள். தப்பு அவளிடம் இல்லை. உன்னிடமும் இல்லை.

போன வருடம் மார்ச்சில், நீ ஊரில் இல்லாதபோது, திருவான்மியூரில் ஒரு கல்யாணம் முடித்துப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். நல்ல கூட்டம். கோவளம் தாண்டியதும் அம்மா என் கையைப் பிடித்தாள். அவள் கை ஐஸ் மாதிரி இருந்தது. "மூச்சு வரல. நான் செத்துடுவன். எறக்கிவுடுங்க என்னை" என்றாள். பஸ்ஸை நிறுத்திச் சவுக்குத் தோப்பில் உட்கார வைத்தேன். மீன் விற்கும் அம்மா ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தார். அரை மணியில் சரியாகிவிட்டது. இதயத்தைச் சோதித்துப் பார்த்தோம். ஒரு கோளாறும் இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு அவள் பஸ் ஏறவில்லை. பஸ் இல்லையென்றால் மாமாவின் வேன் என்றாள். பிறகு வேனும் வேண்டாம், புதுப்பட்டினம் மார்க்கெட் போதும் என்றாள். பிறகு டவுன்ஷிப் கேட் வரைக்கும். நான் டிராஃப்ட்ஸ்மேன். அவள் போகக்கூடிய இடத்தை வட்டமாக வரைந்தால் ஒவ்வொரு மாதமும் அது சுருங்கியது. இந்த வருடப் பொங்கலிலிருந்து அவள் மாடிப்படியைத் தாண்டவில்லை. வெளியே கால் வைத்தால் அந்தப் பஸ்ஸில் வந்தது திரும்பவும் வருகிறதாம். ஒரு டாக்டரிடம் விவரம் சொன்னேன். இதற்கு நல்ல வைத்தியம் இருக்கிறது, சென்னைக்கு அழைத்து வாருங்கள் என்றார். சென்னைக்குத்தான் அழைத்துப் போக முடியவில்லையே.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள். "படிக்கிற பொண்ணு, பைத்தியக்கார அம்மான்னு நெனப்பா" என்றாள். இப்போது சத்தியத்தை மீறிவிட்டேன். இனி அம்மாவுக்கு எப்படி எழுதுவது என்பதை உன்னிடமே விடுகிறேன்.

அன்புடன்,
அப்பா கேசவன்


ராமநாதபுரம்
4.1.2001

என் அம்மாவுக்கு,

அப்பா எழுதிவிட்டார். அவரைத் திட்டாதே. திட்டுவதானால் என்னைத் திட்டு.

கடிதத்தை விடுதி வாசலிலேயே நின்று படித்தேன். பிறகு எங்கே போவது என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துவிட்டு வந்தேன். தீபாவளிக்கு நான்கு நாள் உன் கூடவே இருந்தேன். முட்டிக்கட்டு கால் மாறியதைக் கண்டுபிடித்தேன். அதை ஏன் கட்டினாய் என்று மட்டும் யோசிக்கவில்லை.

நீ பைத்தியம் இல்லை. பயந்திருக்கிறாய். இனி வா என்று கூப்பிட மாட்டேன். நான் ஏப்ரலில் வருகிறேன், இரண்டு பேரும் டாக்டரிடம் போகலாம். முடியாவிட்டால் டாக்டரை எப்படி வீட்டுக்கு வரவழைப்பது என்று பார்க்கலாம். பிப்ரவரி கடைசியில் எங்களுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. அதை ரத்து செய்துவிடுகிறேன்.

முடிந்தால் பதில் எழுது. முடியாவிட்டால் எழுதாதே. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உன் மகள்
கீர்த்தனா


அணுபுரம்
20.1.2001

செல்ல மகள் கீர்த்தனாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். பொங்கலுக்கு நீ வராததால் வீடு வீடாகவே இல்லை.

உன் அப்பாவோடு மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் யோசித்தேன். உனக்குத் தெரிந்துவிட்டது, நான் சாகவில்லை, கூரை இடிந்து விழவில்லை. அன்றைக்குத்தான் இரண்டு வருடத்தில் முதல் முறையாக நன்றாகத் தூங்கினேன்.

எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை. கிணற்றுக்குள் இறக்கிவிட்டு மேலே பலகை போட்டு மூடியதுபோல் இருக்கும். அதுவும் பட்டப்பகலில், நாலு பேர் நடுவில். அவர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். வீட்டுக்குள் இருந்தால் அது வராது. அதனால் வீட்டுக்குள் இருந்தேன். இருக்க இருக்க வீடும் அந்தக் கிணறு மாதிரியே ஆகிவிட்டது. சமையலறை ஜன்னலில் இருந்து பஸ் ஸ்டாப் தெரியும். எந்தப் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று கேள், சொல்கிறேன். ஏறத்தான் முடியவில்லை.

அனுமதியை ரத்து செய்யாதே. நான் வருவேன் என்று சொல்லவில்லை. ரத்து செய்யாதே என்று மட்டும் சொல்கிறேன். பார்வதத்திடம் விஷயத்தைச் சொன்னேன். "அட போக்கா, இதுக்கா இத்தினி நாள் முட்டி முட்டின்னுகினு இருந்த?" என்றாள். இப்போது தினமும் சாயந்திரம் வந்து நிற்கிறாள். "வா, கேட்டு வரிக்கும் போய்ட்டு வரலாம்." மூன்று நாள் பாதியில் திரும்பினோம். நேற்று கேட் வரை போனேன். வியர்வையில் ஜாக்கெட் முழுக்க நனைந்துவிட்டது. ஆனாலும் போனேன்.

இப்படிக்கு,
அம்மா


ராமநாதபுரம்
10.2.2001

அன்புள்ள அம்மாவுக்கு,

சுகம்தானே? மாமா வேனில் திருக்கழுக்குன்றம் வரை போய்வந்தாய் என்று அப்பா போனில் சொன்னார். அறையில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். எதற்கு என்று சொல்லவில்லை.

23ஆம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் செங்கல்பட்டில் மதுரைக்குப் போகும் பகல் வண்டியில் ஏறினால், ராத்திரி மதுரை ஸ்டேஷனில் நான் நிற்பேன். கதவு ஓரம் இருக்கை பதிவாகியிருக்கிறது. நான் அங்கே வந்தே அழைத்துப் போகட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாயாம். சரி.

வழியில் எந்த ஸ்டேஷனில் வேண்டுமானாலும் இறங்கு. நான் அந்த ஸ்டேஷனுக்கு வந்துவிடுவேன்.

உன்
கீர்த்தனா


அணுபுரம்
25.2.2001

அன்பு மகள் கீர்த்தனாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். இந்தத் தடவை பழக்கத்துக்காக எழுதவில்லை.

நான் வரவில்லை என்பது உனக்குத் தெரியும். அப்பா சொல்லியிருப்பார். ஆனால் அவர் பார்த்தது பாதிதான். மீதியைப் பார்க்க யாரும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை சுப்பிரமணி மாமா வேனில் செங்கல்பட்டு ஸ்டேஷனில் விட்டார். அவருக்கு வண்டலூரில் சவாரி இருந்தது. "இன்னா அம்சா, தெகிரியமாக் கீறியா? நா கௌம்பட்டா?" என்று கேட்டார். "கெளம்புண்ணா" என்றேன். அப்போது தைரியமாகத்தான் இருந்தேன். ஏரிக்காற்று நன்றாக வந்தது. ரயில் வரும் சத்தம் கேட்டதும் கால் கல்லாகிவிட்டது.

வண்டி நின்றது. அப்பா பெட்டியோடும் கட்டுச்சாதப் பையோடும் முதலில் ஏறினார். பின்னால் ஏற வேண்டியது நான். கம்பியைப் பிடித்துப் படியில் ஒரு கால் வைத்தேன். உள்ளே எட்டிப் பார்த்தேன். முழுக்க முகங்கள். அந்தப் பலகையை யாரோ மேலே இழுத்து மூடுவது தெரிந்தது. காலை எடுத்துவிட்டேன். பின்னால் நின்றவர்கள் என்னை விலக்கிக்கொண்டு ஏறினார்கள். வண்டி நகர்ந்தது. அப்பா கூட்டத்தை இடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "அம்சா!" என்று குதிக்கப் பார்த்தார்.

"எறங்காதீங்க! கொழந்த வந்து நின்னுகினு இருப்பா. போங்க!" என்று கத்தினேன். அப்படி ஒரு குரல் எனக்கு இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

வண்டி போய்விட்டது. பிளாட்பாரத்தில் நான் மட்டும். கையில் ஒரு மணிபர்ஸ். இருபத்தைந்து கிலோமீட்டருக்குள் என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை. மாமாவுக்குச் சொல்லி அனுப்பினாலும் வந்து சேர மூன்று மணி நேரம் ஆகும். அதுவரை அங்கேயே உட்கார வேண்டும். பஸ் என்றால் ஒரு மணி நேரம். இரண்டும் கிணறுதான் கீர்த்தனா. ஆழம் குறைந்ததில் இறங்கலாம் என்று நினைத்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு எப்படி நடந்தேன் என்று கேட்காதே. சுவரைத் தொட்டுத் தொட்டுப் போனேன். கல்பாக்கம் பஸ் நின்றிருந்தது. கண்டக்டருக்குப் பின்னால் இருந்த சீட்டில் உட்கார்ந்தேன். வண்டி ஊரைத் தாண்டும்வரை கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி வழியில் அது வந்தது. முழுசாக வந்தது. மூச்சு அடைத்தது, கை மரத்தது, காதில் இரைச்சல். கோவளத்தில் வந்ததைவிட மோசம். பக்கத்தில் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்டக்டரைக் கூப்பிட்டாள்.

"இன்னாமா, ஒடம்பு சரியில்லியா? வண்டிய நிறுத்தச் சொல்லட்டா? எறங்கிக்கிறியா?" என்றார் அவர். விசிலை வாயில் வைத்துவிட்டார்.

இறங்கிவிடலாம். இறங்கினால் அரை மணியில் சரியாகிவிடும், எனக்குத் தெரியும். ஆனால் அங்கே இறங்கினால் அப்புறம் எங்கேயும் ஏற மாட்டேன் என்பதும் தெரியும்.

"வேணாம்பா. வண்டி போவட்டும்" என்றேன்.

அவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பெயர்கூடக் கேட்கவில்லை. திருக்கழுக்குன்றம் மலை தெரியும்போது நான் அழுதுகொண்டிருந்தேன். ஆனால் மூச்சு வந்துகொண்டிருந்தது. அது தானாக வந்தது, தானாகப் போனது. நான் பஸ்ஸுக்குள்ளேயே இருந்தேன்.

நான் வந்து சேரும்போது பார்வதம் தன் வீட்டு வாசலில் நின்றிருந்தாள். அப்பா விழுப்புரத்தில் இறங்கி, நான் வந்தேனா என்று அவள் வீட்டுக்குப் போன் செய்திருக்கிறார். இல்லை என்றதும் ரயிலை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். அவள் வீட்டுப் போன் திரும்பவும் அடித்தது. நான் எடுத்தேன்.

"வந்துட்டன்" என்றேன்.

"யாரு கூட்டிக்கினு வந்தது?"

"யாருமில்ல. பஸ்ல வந்தன்."

போனில் அவருக்குப் பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது. "நான் திரும்பி வர்றேன்" என்றார். "வந்தீங்கன்னா கதவத் தெறக்க மாட்டன். அடுத்த வண்டி புடிச்சிப் போங்க" என்றேன். அதனால்தான் நீ மதுரையில் விடியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மன்னித்துக்கொள்.

எனக்குச் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. நேற்றுக் காலை பால் வாங்க இறங்கி, நாலாவது படியில் திரும்பிவிட்டேன். நீ ஏப்ரலில் வா. டாக்டரிடம் போவோம். வழியில் நான் அழுவேன், நீ பயப்படாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. அப்பா சீக்கிரமே கிளம்புகிறேன் என்பார். விடாதே. இன்னும் ஒரு வாரம் அங்கேயே வைத்துக்கொள். இரண்டு வருடமாக நான் போகாத எந்த இடத்துக்கும் அவர் போகவில்லை. ஒரு நாள்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. அவரைப் படகில் ஏற்றி உன் புல்லைக் காட்டு. தண்ணீரில் இறங்கச் சொல். அவருக்கு நீச்சல் தெரியும், கல்யாணமான புதிதில் மாமல்லபுரத்தில் பார்த்திருக்கிறேன். கரைக்கு வரச் சொல்லி நான்தான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

இந்தத் தடவை யாரும் கூப்பிட வேண்டாம். அவராக வரும்போது வரட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா அம்சா